டெல்டாவில் மட்பாண்டக் கூடம் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

மட்பாண்டம் செய்யக் கற்றுக்கொண்டு, சொந்தமாகச் சிறு கூடம் ஒன்று வைக்க விரும்புவோர் பெரும்பாலும் முதலில் சக்கரத்தைப் பற்றியே கேட்கிறார்கள். தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டங்களில் இந்த வேலையைத் தொடங்குபவருக்குச் சக்கரம் மூன்றாவது கவலையாக இருந்தால் போதும். முதல் கவலை மண். அடுத்தது, அந்த மண்ணிலிருந்து நீர் வெளியேறும் வேகம். ஆடிக் காற்றும் ஐப்பசி மழையும் மாறி மாறி ஆளும் இந்தப் பகுதியில் பாத்திரங்களின் விரிசலும் கோணலும் பெரும்பாலும் சக்கரத்தில் தோன்றுவதில்லை, காய வைக்கும் பலகையில்தான் தோன்றுகின்றன. ஆகவே இக்கட்டுரை அவ்விரண்டையும் விரிவாகவும், மற்றவற்றைத் தேவையான அளவிலும் சொல்கிறது.

எந்த வகைப் பாத்திரம் என்று முடிவு செய்தல்

உள்ளூர் வண்டல் களிமண்ணில் செய்யும் சுடுமண் பாத்திரங்கள் ஏறத்தாழ 900 முதல் 1050 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் சுடப்படுகின்றன. ஸ்டோன்வேர் எனப்படும் கெட்டிப் பாத்திரங்களுக்கு 1200 முதல் 1300 டிகிரி வரை வெப்பமும், அதைத் தாங்கும் தனி மண்கலவையும் வேண்டும். நம் ஊர் மண்ணில் இரும்புச் சத்து மிகுதி. அதுவே சுட்டபின் வரும் சிவப்புக்குக் காரணம். அதே இரும்புதான் அதிக வெப்பத்தில் மண்ணை உப்பவும் உருகவும் வைத்துச் சூளைத் தட்டோடு ஒட்டவும் செய்கிறது. குளத்து மண்ணில் செய்த கோப்பையை 1200 டிகிரி சூளைக்குள் வைப்பவர் கோப்பையோடு தட்டையும் இழப்பார்.

தமிழகத்தில் ஸ்டோன்வேர் கூடங்கள் பரவியதற்கு, 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி முக்கியமான காரணம். அந்த வழிவந்த கூடங்கள் புதுச்சேரி, ஆரோவில் பகுதிகளில் இன்றும் பல உள்ளன. மண்கலவை, கண்ணாடிப் பூச்சுப் பொருள்கள், சூளைத் தட்டுகள் ஆகியவற்றைப் பற்றி விசாரிக்க அப்பகுதியே அருகிலுள்ள இடம். டெல்டாவின் வடக்கு எல்லையைத் தாண்டியதும் விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுக் கல்வி நிறுவனமும் இருக்கிறது.

முதல் ஆண்டை உள்ளூர் மண்ணோடு கழிப்பதே நல்லது என்பது என் கருத்து. விலைக்கு வாங்கிய மண்ணைக் கெடுக்கும்போது கை தயங்கும். தயங்கும் கை கற்பதில்லை. பிறகு ஸ்டோன்வேருக்குப் போக விரும்பினால், மண்ணின் குணத்தை அறிந்தவராகப் போகலாம்.

மண் எடுத்தல்

மேட்டூர் அணை பாசனத்துக்குத் திறக்கப்படும் வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு முந்தைய சித்திரை, வைகாசி மாதங்களில் வாய்க்கால்களும் குளங்களும் வற்றியிருக்கும். ஓராண்டுக்குத் தேவையான மண்ணை அப்போதே எடுத்து உலர்த்திச் சேமித்துவிட வேண்டும். நீர் வந்தபின் மண் தேடி அலைவதில் பயனில்லை.

ஏரி, குளங்களிலிருந்து வண்டலும் களிமண்ணும் எடுக்க அனுமதி வேண்டும். விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளத் தமிழக அரசு வழி செய்திருக்கிறது; வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்து, எந்த நீர்நிலையில், எவ்வளவு என்று எழுத்து வடிவில் அனுமதி பெற்ற பிறகே மண்வெட்டியைத் தொட வேண்டும். சிறு கூடத்துக்கு ஒரு டிராக்டர் டிப்பர் மண்ணே நெடுநாள் வரும்.

எந்தக் குளத்தில் நல்ல மண் என்பதை நிலவரைபடம் சொல்லாது. அந்த ஊரில் பானை செய்யும் வேளார், குயவர் குடும்பங்கள் சொல்லும். அவர்களிடம் படம் எடுக்கும் கருவியோடு போகாமல், கற்றுக்கொள்ள வந்தவராகப் போக வேண்டும். ஐயா, அண்ணன் என்று அழைத்துப் பேசி, சில நாள்கள் மண் மிதிப்பதிலும் சூளை அடுக்குவதிலும் உடனிருந்து, அவர்கள் செலவழிக்கும் நேரத்துக்கு உரிய கூலியைக் கொடுப்பதே முறை. பல ஊர்களில் ஐயனார் கோயிலுக்குக் குதிரை செய்து கொடுப்பதும் அங்கே பூசை செய்வதும் இக்குடும்பங்களே. கூடத்தில் கற்பிக்காத ஒன்றை அவர்களிடம் கண்ணால் பார்க்கலாம்: சமையல் பானையின் அடி சக்கரத்தில் உருவாவதில்லை. அடி திறந்த நிலையில் தடித்த சுவரோடு அறுத்தெடுத்து, சற்று இறுகிய பின் உள்ளே கல்லை அணைத்து வெளியே பலகையால் தட்டித் தட்டியே உருண்டையான அடியை மூடுகிறார்கள். மூலையில்லாத அந்த அடியில் சூடு சீராகப் பரவுவதால் பானை அடுப்பில் எளிதில் வெடிப்பதில்லை.

மண்ணைச் சோதித்தல்

ஒரு டிப்பர் மண் இறக்குவதற்கு முன் ஒரு வாளி மண்ணை மட்டும் கொண்டுவந்து சோதிக்க வேண்டும். ஈரமான மண்ணைச் சுண்டுவிரல் தடிமனுக்குத் திரித்து விரலில் சுற்றும்போது வெடிப்பு விழாவிட்டால் அது வளையும் மண். ஆழமாக வெடித்தால் அதில் மணல் மிகுதி, அல்லது இன்னும் ஊற வேண்டும்.

அடுத்தது சுருக்கம். 14 சென்டிமீட்டர் நீளமும் ஒரு சென்டிமீட்டர் தடிமனும் உள்ள பட்டை செய்து, அதன்மேல் சரியாக 10 சென்டிமீட்டர் நீளமுள்ள கோடு கீற வேண்டும். காய்ந்தபின் ஒருமுறை, சுட்டபின் ஒருமுறை அக்கோட்டை அளக்க வேண்டும். சுட்டபின் 9 சென்டிமீட்டர் இருந்தால் சுருக்கம் 10 விழுக்காடு. இது நீளத்தில் மட்டும். கொள்ளளவு 27 விழுக்காடு குறைந்துவிடும். 150 மில்லி காப்பி பிடிக்கும் டம்ளர் வேண்டுமானால், ஈர மண்ணில் அது ஏறத்தாழ 206 மில்லி பிடிக்கும் அளவில் இருக்க வேண்டும். கும்பகோணத்துக் காப்பிக் கடைக்காரர் ஒருவர் அளவு சொல்லி டம்ளர் கேட்டால், இந்தக் கணக்கு இல்லாமல் ஒப்புக்கொள்ளக் கூடாது.

டெல்டாவுக்கே உரிய இரண்டு தொல்லைகள் சுண்ணாம்பும் உப்பும். வயலையும் வாய்க்காலையும் ஒட்டிய மண்ணில் நத்தை ஓடுகள் நொறுங்கிக் கிடக்கும்; கடற்கரைப் பக்கம் கிளிஞ்சல் துண்டுகளும் சேரும். இவை சூளையில் சுட்ட சுண்ணாம்பாக மாறி, வெளியே வந்தபின் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கின்றன. பார்க்க நன்றாக இருக்கும் பாத்திரத்தில் சில நாள்கள் கழித்துச் சிறு சில்லுகள் தெறித்து, குழியின் நடுவே வெள்ளைப் புள்ளி தெரிந்தால் காரணம் இதுதான். உலர்ந்த மண்ணைப் பொடித்து அதன்மேல் வினிகர் ஊற்றி, நுரைக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். நுண்ணிய சல்லடையில் சலிப்பதே உண்மையான தீர்வு. சுட்ட பாத்திரத்தைச் சூளையிலிருந்து எடுத்தவுடன் நீரில் நன்கு ஊற வைப்பதும் சிறு துகள்களின் கேட்டைப் பெருமளவு குறைக்கும்.

உப்பு மிகுந்த மண் காயும்போது விளிம்புகளில் வெள்ளையாகப் பூக்கும், சுட்டபின் அது படலமாக நிலைத்துவிடும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்தில் இதை எதிர்பார்த்தே மண் எடுக்க வேண்டும். மண்ணைக் கரைத்துத் தெளியவிட்டு, மேல் நீரை இறுத்து, மீண்டும் நல்ல நீர் ஊற்றி இரண்டு மூன்று முறை கழுவினால் பெரும்பகுதி போய்விடும். ஆழ்துளைக் கிணற்று நீரே உப்பாக இருந்தால் கழுவுவது வீண். சேமித்த மழைநீர் நல்லது.

மண்ணைப் பதப்படுத்துதல்

எடுத்த மண்ணை முழுவதுமாகக் காய வைத்து, சிறு கட்டிகளாக உடைத்து, பிறகே நீரில் போட வேண்டும். பாதி ஈரமான மண் நீரில் கரையாமல் கட்டியாகவே கிடக்கும். எலும்பாகக் காய்ந்த மண்ணோ நீர் பட்டதும் தானே உதிரும். டிரம்மில் நீர் ஊற்றியபின் ஒருநாள் கிளறாமல் விட்டு, மறுநாள் கலக்கிக் குழம்பாக்கி, முதலில் பெரிய கண் சல்லடையிலும் பிறகு நுண்ணிய சல்லடையிலும் வடிக்க வேண்டும். வேரும் நத்தை ஓடும் தங்கிவிடும். தெளிந்த நீரை இறுத்தபின் குழம்பைப் பழைய வேட்டியிலோ பிளாஸ்டர் பலகையிலோ பரப்பி, சப்பாத்தி மாவின் பதத்துக்கு வரும்வரை நீரை இழக்கவிட வேண்டும்.

டெல்டாவின் கொழுமண் தனியாகப் பயன்படுத்தும்போது மிகவும் சுருங்கும். உடைந்த நாட்டு ஓடுகளையோ பழைய பானைத் துண்டுகளையோ இடித்துச் சலித்த தூளை, அல்லது நுண்மணலை, நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு சேர்த்துச் சோதித்துப் பார்க்கலாம். கலந்த மண்ணைப் பாலித்தீனில் கட்டி நிழலில் சில வாரங்கள் வைத்தால் வளையும் தன்மை கூடும். அதில் நாற்றம் வந்தால் அஞ்ச வேண்டியதில்லை, அது நல்ல அறிகுறியே.

சக்கரத்துக்குப் போகும் முன் ஒவ்வொரு கட்டியையும் கையால் பிசைந்து, கம்பியால் குறுக்கே அறுத்துப் பார்க்க வேண்டும். வெட்டு முகத்தில் காற்றுக் குழிகளோ நிறப் பட்டைகளோ தெரிந்தால் பிசைவது இன்னும் முடியவில்லை.

சக்கரம்

வீட்டு மின் இணைப்பிலேயே ஓடும், காலால் வேகம் கட்டுப்படுத்தும் மின்சக்கரம் போதுமானது. அறுப்புக் கம்பி, ஊசி, கடற்பஞ்சு, மரச் சீவுகோல், செதுக்கும் இரும்பு வளையம் ஆகியவை தவிர வேறு கருவி முதல் ஆண்டில் தேவையில்லை. பயிற்சிக்கு ஒரு கிலோ மண்ணைச் சக்கரத்தின் நடுவில் அசையாமல் நிறுத்துவதும், அதிலிருந்து நேரான உருளை எழுப்புவதுமே போதும். எழுப்பிய உருளையைக் கம்பியால் நெடுக்காக அறுத்துச் சுவரின் தடிமனைப் பார்த்துவிட்டு மண்ணை மீண்டும் டிரம்மில் போட்டுவிட வேண்டும், சேர்த்துவைக்கக் கூடாது.

ஒரு வேலை நாளின் வரிசை

காலையில் கூடத்துக்குள் நுழைந்ததும் சக்கரத்தில் உட்காருவது தவறான தொடக்கம். முதலில் முந்தைய நாள்களில் செய்தவற்றின் பாலித்தீன் மூடியைத் தூக்கி, ஒவ்வொன்றின் அடியையும் விளிம்பையும் தொட்டுப் பார்க்க வேண்டும். நகம் பட்டால் தடம் விழுந்தும், அழுத்தினால் உருவம் குலையாமலும் இருக்கும் பதத்தில் உள்ளவற்றை அன்றே செதுக்கியாக வேண்டும்; அந்தப் பதம் வைகாசி வெயிலில் சில மணி நேரமே நிற்கும். அடி செதுக்குதல், பிறகு கைப்பிடி ஒட்டுதல், அதன்பிறகு மண் பிசைந்து எடை போட்டு உருண்டை பிடித்தல், கடைசியில் சக்கரம் என்ற வரிசை பொருத்தமானது. கைப்பிடியும் கோப்பையும் ஒரே ஈரத்தில் இருக்கும்போது, ஒட்டும் இரு முகங்களையும் கீறி, மண் குழம்பு தடவி அழுத்த வேண்டும். கைப்பிடி மெலிந்தது என்பதால் விரைந்து காய்ந்து, இணைப்பில் விரிசல் விடும். அதற்கு மட்டும் தனியாகச் சிறு பாலித்தீன் துண்டைச் சுற்றி வைக்கலாம்.

மாலையில் மூடுவது காலையில் திறப்பதைவிட முக்கியம். எதை மறுநாள் செதுக்க வேண்டும், எதை இன்னும் ஒருநாள் மூடி வைக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டே கூடத்தைப் பூட்ட வேண்டும்.

காய வைத்தல்

ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் காற்று பாத்திரத்தின் ஒரு பக்கத்தை மட்டும் உலர்த்துகிறது. உலர்ந்த பக்கம் சுருங்க, மறுபக்கம் சுருங்காமல் நிற்க, விளிம்பு கோணி, அடியில் எஸ் வடிவ விரிசல் விழும். அப்பருவத்தில் மேற்குச் சன்னல்களை மூடி, பாத்திரங்களை நாள்தோறும் அரைச் சுற்றுத் திருப்பி வைக்க வேண்டும். விளிம்பு தாங்கும் அளவுக்கு இறுகியதும் கவிழ்த்துவிட்டால், தாமதமாக உலரும் அடி காற்றுக்கு வரும். பலகையின்மேல் செய்தித்தாள் விரித்தால், சுருங்கும் அடி பிடிபடாமல் நகரும்.

ஐப்பசி, கார்த்திகையில் சிக்கல் நேர்மாறானது. காற்றே ஈரமாக இருக்கும்போது பாத்திரம் ஓரளவுக்கு மேல் காயாது, எத்தனை நாள் வைத்தாலும் அதே நிலையில் நிற்கும். கன்னத்தில் வைத்துப் பார்க்கும்போது குளிர்ந்தால் உள்ளே நீர் இருக்கிறது. அதைவிட நம்பகமானது தராசு: அடுத்தடுத்த இரண்டு நாள்களில் எடை மாறாவிட்டால், காற்றில் காயக்கூடியது காய்ந்துவிட்டது என்று பொருள். எஞ்சிய ஈரத்தைச் சூளைதான் வெளியேற்ற வேண்டும்.

சுடுதல்

சொந்தச் சூளை இல்லாதவர், ஊர்ச் சூளையில் இடத்துக்குப் பணம் கொடுத்துச் சுடலாம். வைக்கோலும் வரட்டியும் விறகும் அடுக்கி, மேலே சேறு பூசி மூடும் அந்தச் சூளையில் வெப்பம் இடத்துக்கு இடம் மாறும். தடித்த, உறுதியான பாத்திரங்களுக்கே அது ஏற்றது.

மின்சூளை வாங்குபவர் அதன் கிலோவாட் அளவைப் பார்த்து, மும்முனை இணைப்பு வேண்டுமா என்று மின்வாரிய அலுவலகத்தில் முன்பே கேட்டுவிட வேண்டும். 6 கிலோவாட் சூளை 10 மணி நேரம் இடைவிடாமல் ஓடினால் 60 யூனிட். நடைமுறையில் கம்பிச் சுருள்கள் விட்டுவிட்டு எரிவதால் சற்றுக் குறையும். விலை நிர்ணயிக்கும்போது இந்தக் கணக்கு உதவும்.

பூச்சிடும் முன் சுடும் முதல் சூட்டில் அவசரம் கூடாத இடங்கள் மூன்று. 100 டிகிரியைத் தொடும்வரை நீர் ஆவியாக வெளியேற வேண்டும். மழைக்காலத்தில் 80 முதல் 90 டிகிரியில், கதவைச் சிறிது திறந்து வைத்துப் பல மணி நேரம் நிறுத்துவது அவசியம், இல்லாவிட்டால் ஆவி பாத்திரத்தை வெடிக்கச் செய்யும். 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் திடீரென விரிவடைகிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த எல்லையை மெதுவாகக் கடக்க வேண்டும். 700 முதல் 900 டிகிரி வரை, குளத்து மண்ணில் ஏராளமாக இருக்கும் மக்கிய பொருள் எரிந்து தீரக் காற்றும் நேரமும் வேண்டும். உடைத்துப் பார்க்கும்போது நடுவில் கரும்பட்டை தெரிந்தால் இங்கே அவசரப்பட்டிருக்கிறீர்கள் என்று அறியலாம். சுட்டு முடித்தபின் 100 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை கதவைத் திறக்கவே கூடாது.

நடுவில் மின்சாரம் நின்றால் பதற வேண்டியதில்லை. முதல் சூட்டில், மூடியபடியே விட்டு, மின்சாரம் வந்ததும் இருந்த வெப்பத்திலிருந்து தொடரலாம்.

பூச்சும் உணவும்

பூச்சில்லாத சுடுமண் நீரை உறிஞ்சும். எவ்வளவு என்பதை அறிய, உலர்ந்த துண்டை எடை போட்டு, நீரில் கொதிக்க வைத்து, ஈரத்தைத் துடைத்து மீண்டும் எடை போட வேண்டும். 200 கிராம் துண்டு 230 கிராம் ஆனால் உறிஞ்சுதல் 15 விழுக்காடு. தண்ணீர்ப் பானைக்கும் தயிர்ச் சட்டிக்கும் இது குறையன்று. கசியும் நீர் ஆவியாவதால்தான் பானை குளிர்கிறது. சமையல் சட்டியை விற்கும்போது, வடிகஞ்சியிலோ அரிசி கழுவிய நீரிலோ ஊற வைத்துச் சிறுதீயில் பழக்கிய பிறகே பயன்படுத்தச் சொல்ல வேண்டும்.

கிளேஸ் எனப்படும் கண்ணாடிப் பூச்சில் ஈயம் கலந்த எதையும் உணவுப் பாத்திரத்தில் பயன்படுத்தக் கூடாது. இதில் விதிவிலக்கே இல்லை. நம் சமையலில் புளியும் தயிரும் ஊறுகாயும் நாள்தோறும் பாத்திரத்தில் தங்குவதால், புளிப்பைத் தாங்காத பூச்சு நமக்குக் கூடுதல் ஆபத்து. எலுமிச்சைத் துண்டை ஓரிரவு வைத்துப் பார்த்து, அந்த இடத்தில் நிறமோ பளபளப்போ மாறியிருந்தால் அந்தப் பூச்சை அலங்காரப் பொருளுக்கு ஒதுக்கிவிட வேண்டும். மாறாவிட்டாலும் விற்பனைக்கு முன் ஆய்வகச் சோதனை தேவை.

ஸ்டோன்வேருக்குப் போகிறவர்களுக்கு டெல்டா ஒரு கொடை வைத்திருக்கிறது. அரிசி ஆலைகளில் மலைபோல் குவியும் உமிச் சாம்பலில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. அதை அரைத்துச் சலித்து, உருக்கும் பொருள்களோடு சேர்த்தால் பால் வெண்மையான பூச்சு கிடைக்கும். அதிக வெப்பத்தில் உருகும் நம் குளத்து மண்ணே பழுப்பு, கருப்புப் பூச்சுகளுக்கு அடிப்படையாகும்.

தூசியும் வெள்ளமும்

காய்ந்த களிமண்ணிலும் உமிச் சாம்பலிலும் உள்ள சிலிக்காத் தூசி நுரையீரலைக் கெடுத்துச் சிலிக்கோசிஸ் நோயை உண்டாக்கும், அதற்கு மருந்தில்லை. கூடத்தைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். பொடி கையாளும்போது என்95 முகக்கவசம் கட்டாயம்.

தளத்தைத் தெருமட்டத்தைவிட உயர்த்திக் கட்டி, மின் இணைப்புகளை இடுப்புக்கு மேல் வைப்பது நல்லது. 2018 நவம்பரில் கஜா புயல் தென்டெல்டாவைப் புரட்டிப்போட்டபோது பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. தகரக் கூரையைக் கட்டி நிறுத்துவதும், மழைக்கு முன் சுட வேண்டியதைச் சுட்டு முடிப்பதும் அதனால்தான். மண் கலந்த கழுவுநீரை வாய்க்காலில் விடாமல் தொட்டியில் தெளியவிட்டால், அடியில் தங்கும் மண் மீண்டும் பயன்படும்.

ஆண்டுக் கணக்கும் விற்பனையும்

கார்த்திகை விளக்கும் பொங்கல் பானையும் மழைக்காலத்திலும் அதை ஒட்டியும் விற்பவை. ஆனால் அவற்றைப் புரட்டாசிக்குள் செய்து சுட்டிருக்க வேண்டும். என்னைக் கேட்டால், அகல் விளக்கிலும் பொங்கல் பானையிலும் கூடம் வைத்திருப்பவர் ஊர்க் குயவரோடு போட்டியிடக் கூடாது. அந்த விலைக்கு நம்மால் செய்யவும் முடியாது. முடிந்தாலும் அது அவர்களுடைய ஆண்டு வருமானம். மழைக்காலத்தில் வேலை நிற்பதற்காக அரசு நிவாரணம் கொடுப்பதே அத்தொழிலின் நெருக்கடியைக் காட்டும். காப்பிக் கோப்பை, பூந்தொட்டி, தயிர்ச் சட்டி, ஊதுபத்திச் செருகி என நமக்கான பொருள்கள் வேறு உள்ளன.

குடும்பத் தொழிலாக இதைச் செய்பவருக்கு, 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தில் பயிற்சியும், கருவி வாங்க 15,000 ரூபாய் வரை உதவியும் உண்டு; ஆனால் தமிழக அரசு 2024இல் அதைச் செயல்படுத்த மறுத்ததால், இங்கே கிடைக்கிறதா என்று முன்பே விசாரிக்க வேண்டும். அதில் இடம்பெற்ற 18 தொழில்களில் மட்பாண்டமும் ஒன்று. வெளியிலிருந்து புதிதாக வருபவர் சொந்த முதலையே நம்பித் திட்டமிட வேண்டும்.

விலையைச் சூளையிலிருந்து நலமாக வெளிவந்த எண்ணிக்கையைக் கொண்டே கணக்கிட வேண்டும். 30 கோப்பைகள் செய்து 24 மட்டும் விற்கத் தகுந்தவையானால், 30க்கான மண், மின்சாரம், உழைப்பு ஆகியவற்றின் செலவை 24ஆல் வகுக்க வேண்டும். மொத்தமாகக் கேட்பவரிடம் முன்பணம் வாங்கி, கேட்ட எண்ணிக்கையைவிடக் கால் பங்கு கூடுதலாகச் செய்வதும், மழைக்காலமானால் ஒப்படைக்கும் நாளைத் தள்ளிக் கேட்பதும் வழக்கமாக இருக்கட்டும்.

வெளியூருக்கு அனுப்ப வைக்கோலைவிட மலிவான பொதி இங்கே இல்லை. ஒவ்வொரு பாத்திரத்தின் உள்ளேயும் வைக்கோலை அடைத்து, தாளில் சுற்றி, ஒன்றோடொன்று தொடாதபடி அட்டைப் பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியை இன்னொரு பெரிய பெட்டிக்குள் வைக்கோல் சுற்றி இறக்க வேண்டும். தை அறுவடையில் கிடைக்கும் வைக்கோலை நன்றாக உலர்த்திக் கூரைக்குள் சேமித்துக்கொள்ளலாம். ஈர வைக்கோலில் போகும் பாத்திரம் பூஞ்சை வாடையோடு போய்ச் சேரும்.